பத்திர நிதியில் ஆக்டிவா, பாசிவா? பினாங்கில் எங்கள் குடும்பம் எடுத்த முடிவுகள்

பங்கு நிதிகளைப் பொறுத்தவரை, மேலாளர் தேர்ந்தெடுத்து நடத்தும் ஆக்டிவ் நிதியா, சந்தையை அளக்கும் பட்டியலான குறியீட்டை அப்படியே பின்தொடரும் பாசிவ் நிதியா என்ற கேள்விக்கு நான் பல ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டேன். கட்டணம் குறைந்த குறியீட்டு நிதியே போதும் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் 2021இல் என் அண்ணனின் பணத்துக்காகக் கணக்குப் போட உட்கார்ந்தபோது, அரசாங்கமும் நிறுவனங்களும் கடன் வாங்க வெளியிடும் பத்திரங்களை வாங்கும் பத்திர நிதிக்கும் அதே விடையைப் பொருத்திவிடலாமா என்று வேறாகவே ஆராய வேண்டியிருந்தது. அந்த ஆராய்ச்சியும் அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் கண்டவையும் பணி ஓய்வை நெருங்கும் நம்மவர் பலருக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

எங்கள் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் சேமிப்பில் பெரும்பகுதி ஊழியர் சேமநிதியில் இருக்கிறது. கணவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்க ஓய்வூதியம் வருகிறது. அண்ணன் பட்டர்வொர்த்தில் அச்சகம் நடத்தியவர். அவருக்கு ஓய்வூதியமும் இல்லை. சேமநிதியில் இளவயதில் போட்ட சிறு தொகை மட்டுமே இருந்தது. 60 வயதில் அச்சகத்தை மூடிக் கடைவீட்டை விற்றபோது, கடன்களெல்லாம் அடைத்தது போக ஏறத்தாழ நான்கு லட்சம் வெள்ளி (ரிங்கிட்) அவர் கையில் நின்றது. அந்தப் பணம்தான் அவருக்கும் அண்ணிக்கும் இனி மாதச் செலவு, மருத்துவச் செலவு எல்லாம்.

ஆக்டிவா, பாசிவா என்று கேட்பதற்கு முன், பத்திரம் என்ற ஒன்று இந்தக் குடும்பத்துக்குத் தேவைதானா என்று கேட்க வேண்டும். மாதந்தோறும் மாறாமல் வரும் ஓய்வூதியம், அரசாங்கமே வெளியிட்ட ஒரு நீண்டகாலப் பத்திரத்தைப் போன்றது என்பதால், என் கணவருக்குத் தனியாகப் பத்திர நிதி தேவைப்படவில்லை. எனக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். சேமநிதி முழுக்கப் பத்திரம் அல்ல. அதன் முதலீட்டில் பங்குகளுக்கும் பெரிய இடம் உண்டு. இருந்தாலும், வழக்கமான கணக்குக்குச் சட்டப்படி குறைந்தது 2.5 விழுக்காடு ஈவுக்கு உறுதி உண்டு, 2020இல் 5.20, 2021இல் 6.10, 2022இல் 5.35, 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்ட ஈவுகளைப் பார்த்தால், ஆக்டிவாக இருந்தாலும் பாசிவாக இருந்தாலும் ரிங்கிட் பத்திர நிதி எதுவும் இதற்குப் போட்டியாக நிற்பது கடினம். எனவே அண்ணனுக்கு நான் சொன்ன முதல் யோசனை, பத்திர நிதியைத் தேடும் முன் சேமநிதியில் சுயமாகச் செலுத்த அனுமதிக்கப்பட்ட தொகையை நிரப்புங்கள் என்பதுதான். அப்போது ஆண்டுக்கு 60,000 வெள்ளி வரை செலுத்தலாம். 2023 முதல் அது 100,000 வெள்ளியாக உயர்ந்தது. 60 வயதைக் கடந்தவர் என்பதால் வேண்டும்போது பணத்தை மீட்கவும் தடையில்லை.

அதற்கு மேல் இருந்த பணத்தில், இரண்டு மூன்று ஆண்டுச் செலவுக்கான தொகையை வங்கியில் நிரந்தர வைப்பாக வைத்தார். ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை மலேசிய வைப்புக் காப்புறுதிக் கழகமான பி.ஐ.டி.எம்.மின் காப்புறுதி உண்டு, பத்திர நிதிக்கு அந்தக் காப்புறுதி கிடையாது. எல்லாப் பணத்தையும் ஒரே அமைப்பிடம் ஒப்படைக்க அவர் விரும்பவில்லை, அது நியாயமான விருப்பமே. எனவே மீதியில் ஏறத்தாழ இரண்டு லட்சம் வெள்ளிக்குத்தான் பத்திர நிதி என்ற பேச்சு எழுந்தது.

அது வட்டி மிகவும் தாழ்ந்திருந்த காலம். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2020 ஜூலையில் கொள்கை வட்டியை 1.75 விழுக்காட்டுக்குக் குறைத்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்கேயே வைத்திருந்தது. வைப்பு வட்டி 2 விழுக்காட்டைத் தாண்டினாலே பெரிது. அந்த நேரத்தில், அண்ணன் நெடுங்காலம் கணக்கு வைத்திருந்த வங்கியின் அதிகாரி ஒருவர், ஆண்டுக்கு 6 முதல் 7 விழுக்காடு வரை வருமானம் பகிரும் ஓர் ஆக்டிவ் ஆசியப் பத்திர நிதியைப் பரிந்துரைத்தார். "இது பங்கு இல்லை அண்ணே, பத்திரம், பயமில்லை" என்பது அவர் சொன்ன விளக்கம். அண்ணனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

அந்த நிதியின் மாதாந்திரத் தகவல் தாளை இருவரும் சேர்ந்து படித்தோம். வருமான வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, பத்திரங்களை வெளியிட்டவர்கள் யார், அவற்றின் தரமதிப்பீடு என்ன என்ற பகுதிக்கு நேராகச் சென்றோம். மிகப் பெரிய முதலீடுகளின் பட்டியலில் பாதிக்கு மேல் சீன வீடமைப்பு நிறுவனங்கள். தரமதிப்பீட்டுப் பகுதியில் பெரும்பங்கு, கடன் திரும்பும் என்று ஓரளவு நம்பத்தக்க முதலீட்டுத் தரத்துக்குக் கீழே இருந்தது. அந்த 7 விழுக்காடு எங்கிருந்து வருகிறது என்பது அதிலேயே தெளிவாகிவிட்டது: மேலாளரின் திறமையால் வந்த கூடுதல் அல்ல அது, கடன் திரும்பாமல் போகக்கூடும் என்பதற்காகக் கடன் வாங்கியவர் தரும் கூடுதல் வட்டி. லெபோ பினாங்கின் கடைவீடுகளான கிட்டங்கிகளில் உட்கார்ந்து வட்டித் தொழில் செய்த செட்டியார்கள் வட்டி எவ்வளவு என்று பேசும் முன், வாங்குகிறவன் யார், எதை ஈடாக வைக்கிறான் என்றுதான் கேட்டிருப்பார்கள். நாங்களும் அதையே கேட்டோம். அண்ணன் அந்த நிதியை வாங்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் எவர்கிராண்டே கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியதாக ஃபிட்ச் தரமதிப்பீட்டு நிறுவனம் அறிவித்தது. ஜொகூரில் ஃபாரஸ்ட் சிட்டியைக் கட்டிய கண்ட்ரி கார்டனும் 2023 அக்டோபரில் டாலர் பத்திர வட்டியைச் செலுத்தத் தவறியது. ஆசிய அதிவட்டிப் பத்திர நிதிகளை வைத்திருந்தவர்களுக்கு இழப்பு பெரிது. இதில் ஆக்டிவ் நிதி மட்டும் குற்றவாளி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான பத்திரக் குறியீடுகளில் யார் அதிகக் கடன் வாங்கியிருக்கிறாரோ அவருக்கே அதிக இடம். பங்குக் குறியீட்டில் வளர்ந்த நிறுவனம் பெரிதாக இடம்பெறும். பத்திரக் குறியீட்டிலோ கடனில் மூழ்கிய நிறுவனம் பெரிதாக இடம்பெறும். ஆகவே தரம் குறைந்த பத்திரங்களின் குறியீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடரும் பாசிவ் நிதியும் அதே குழியில்தான் விழும். ஒரே நாட்டு அரசாங்கப் பத்திரங்களைக் கொண்ட குறியீட்டில் இந்தக் குறை அவ்வளவாக இல்லை. எந்த வகைப் பத்திரம் என்று சொல்லாமல் ஆக்டிவா, பாசிவா என்று கேட்பதில் பொருளில்லை என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

பத்திரச் சந்தையில் ஆக்டிவ் மேலாளருக்குச் சாதகமான இன்னொன்றும் உண்டு. அங்கே எல்லாரும் இலாபத்துக்காக மட்டும் வாங்கி விற்பதில்லை. மத்திய வங்கிகள் நாணயக் கொள்கைக்காக வாங்குகின்றன. காப்புறுதி நிறுவனங்கள் தங்கள் பொறுப்புகளுக்கு ஈடாக வாங்குகின்றன. வங்கிகள் விதிமுறைக்காக வைத்திருக்கின்றன. தரம் ஒரு படி இறக்கப்பட்டதும் விலையைப் பார்க்காமல் விற்றே ஆகவேண்டியவர்களும் இருக்கிறார்கள். இத்தகையவர்களிடமிருந்து கெட்டிக்கார மேலாளர் கொஞ்சம் கூடுதலாக ஈட்ட முடியும். ஆனால் அந்தக் கூடுதலைக் கட்டணம் எந்த அளவுக்குத் தின்றுவிடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பங்கு நிதியில் நீண்டகாலத்தில் 8 விழுக்காடு எதிர்பார்க்கிறவருக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் எட்டில் ஒரு பங்கு. 4 விழுக்காடு தரும் பத்திரத்தில் அதே கட்டணம் நான்கில் ஒரு பங்கு. அதற்கு மேல் 1.5 விழுக்காடு விற்பனைக் கட்டணம் வாங்கினால், ஒரு லட்சம் வெள்ளிக்கு 1,500 வெள்ளி முதல் நாளிலேயே போய்விடும். அது நாலரை மாத வட்டிக்குச் சமம். உயர்தரப் பத்திரங்களுக்குள்ளே நல்ல பத்திரத்துக்கும் சுமாரான பத்திரத்துக்கும் உள்ள வருமான வேறுபாடே அரை விழுக்காட்டைத் தாண்டாத நிலையில், 1 விழுக்காடு கட்டணம் வாங்கும் மேலாளர் அதை ஈடுகட்ட இரண்டே வழிகள்: தரம் குறைந்த பத்திரங்களை வாங்குவது, அல்லது வட்டி எந்தத் திசையில் போகும் என்று பந்தயம் கட்டுவது.

இரண்டாவது வழி எவ்வளவு கடினமானது என்பதற்குப் பில் குரோஸ் ஒருவரே போதும். அவர் நடத்திய பிம்கோ டோட்டல் ரிட்டர்ன் நிதி ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய பத்திர நிதி. 2011இன் தொடக்கத்தில், வட்டி உயரும் என்று கணித்து, அமெரிக்க அரசாங்கப் பத்திரங்களை அவர் முற்றாக விற்றார். அந்த ஆண்டு வட்டி இறங்கி, அதே பத்திரங்களின் விலை ஏறியது, குறியீடு 7.8 விழுக்காடு அளவு தந்தபோது அவருடைய நிதி 4.2 விழுக்காட்டளவே தந்தது. முதலீட்டாளர்களிடம் அவர் வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். அத்தனை ஆண்டு அனுபவமும் அத்தனை ஆய்வாளர்களும் கொண்டிருந்தவரால் கணிக்க முடியாததை நம் ஊர் நிதி மேலாளர் ஒவ்வோர் ஆண்டும் சரியாகக் கணிப்பார் என்று நம்பிக் கட்டணம் செலுத்த என்னால் முடியாது.

எனவே அண்ணனின் பத்திரப் பணத்தில் பெரும்பகுதியை பாசிவ் நிதியில் போட முடிவு செய்தோம். அமெரிக்காவில் வேன்கார்டு நிறுவனம் 1986லேயே பொதுமக்களுக்கான பத்திரக் குறியீட்டு நிதியைத் தொடங்கிவிட்டது. அங்கே ஆண்டுக்கு 0.03 விழுக்காடு கட்டணத்தில்கூட இன்று கிடைக்கிறது. மலேசியாவில் தேர்வு மிகக் குறைவு. 2005இல் புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்ட ஏ.பி.எஃப். மலேசியப் பத்திரக் குறியீட்டு நிதிதான் எங்கள் கண்ணில் பட்ட முதன்மையான வழி. கிழக்காசிய, பசிபிக் மத்திய வங்கிகள் கூடி, உள்நாட்டு நாணயப் பத்திரச் சந்தைகளை வளர்ப்பதற்காகத் தொடங்கிய ஆசியப் பத்திர நிதித் திட்டத்தின் ஒரு பகுதி அது. மலேசிய அரசாங்கமும் அரசு சார்ந்த அமைப்புகளும் ரிங்கிட்டில் வெளியிட்ட பத்திரங்களே அதன் அடித்தளம்.

இது பங்கைப் போலப் பங்குச் சந்தையில் வாங்கக்கூடிய இ.டி.எஃப்.; ஆனால் நாள்தோறும் கைமாறும் அளவு மிகக் குறைவு. சந்தை விலைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்று ஆணை கொடுத்தால், தேவையில்லாமல் கூடுதல் விலை கொடுக்க நேரிடலாம். நிதி நிறுவனம் வெளியிடும் என்.ஏ.வி.யை, அதாவது ஓர் அலகின் நிகரச் சொத்து மதிப்பைப் பார்த்து, அதற்கு மிக அருகில் ஒரு விலையைக் குறிப்பிட்டு ஆணை கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். சில நாட்களில் கிடைத்தது, சில நாட்களில் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றவருக்கு அவசரம் என்ன? முழுத் தொகையையும் சேர்க்கச் சில மாதங்கள் ஆயின. தரகுக் கூலியில் குறைந்தபட்சத் தொகை உண்டு என்பதால், ஒவ்வொரு முறையும் சில ஆயிரம் வெள்ளியாவது வாங்குவது சிக்கனம்.

2022இல் சோதனை வந்தது. பேங்க் நெகாரா மே மாதம் தொடங்கி வட்டியை உயர்த்திக்கொண்டே போய், நவம்பரில் 2.75 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. 2021 இறுதியில் 3.6 விழுக்காட்டை ஒட்டியிருந்த பத்தாண்டு அரசாங்கப் பத்திரத்தின் யீல்டு, அதாவது சந்தை விலையில் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் வருமான விகிதம், அக்டோபரில் 4.5 விழுக்காட்டை நெருங்கியது. யீல்டு ஏறினால் ஏற்கெனவே உள்ள பத்திரங்களின் விலை இறங்கும். நிதியின் விலை இறங்கியதைப் பார்த்து அண்ணன் தொலைபேசியில் கேட்டார்: "ஏம்மா, அரசாங்கப் பத்திரம்னு சொன்னே, அதுவும் இறங்குமா?"

இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை டியூரேஷன் என்ற எண் சொல்லும். அது எல்லாத் தகவல் தாளிலும் இருக்கும். டியூரேஷன் ஐந்து ஆண்டு என்றால், யீல்டு ஒரு விழுக்காடு ஏறும்போது நிதியின் விலை ஏறத்தாழ 5 விழுக்காடு இறங்கும். ஆனால் அந்த நாளிலிருந்து வட்டியாக வருவதும் முதிர்ந்து வருவதும் புதிய, உயர்ந்த யீல்டில் மறுமுதலீடு ஆகின்றன. ஏறத்தாழ டியூரேஷன் அளவுக்குக் காத்திருப்பவர் பெரும்பாலும் இழந்ததை மீட்டுவிடுவார். எனவே அந்த எண் பணம் தேவைப்படும் காலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அமெரிக்காவில் அந்த ஆண்டு பத்திரச் சந்தையின் பொதுக் குறியீடே 13 விழுக்காடு இறங்கியது என்பதையும், அங்கே டியூரேஷன் ஆறை ஒட்டியிருந்ததோடு வட்டியும் நம் நாட்டைவிடப் பலமடங்கு ஏறியது என்பதையும் சொன்னபோது அண்ணனின் கலக்கம் குறைந்தது. அவருடைய அன்றாடச் செலவு வைப்புத்தொகையிலிருந்து போய்க்கொண்டிருந்ததால் எதையும் விற்க வேண்டிய நிலை வரவில்லை. அந்த ஏற்பாடு இல்லாமல் போயிருந்தால் என் விளக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அவருக்கு உதவியிருக்காது.

ஒரு பகுதியை, பத்திரப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக, ஓர் ஆக்டிவ் நிதியில்தான் போட்டோம். ரிங்கிட் நிறுவனப் பத்திரங்களை ஒருவர் சில்லறையாக வாங்குவது கடினம். அவற்றைப் பின்தொடரும் மலிவான பாசிவ் நிதியும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் நிபந்தனைகள் கடுமையாகவே இருந்தன. ரேம், மார்க் ஆகிய உள்நாட்டுத் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் இரட்டை ஏ என்ற உயர்ந்த தரம் அல்லது அதற்கு மேல் மதிப்பிட்ட பத்திரங்களே பெரும்பகுதியாக இருக்க வேண்டும். எந்த ஒரு நிறுவனமும் நிதியில் பெரும் பங்கை விழுங்கியிருக்கக் கூடாது. விற்பனைக் கட்டணம் இல்லாத வழியில் வாங்க முடிய வேண்டும். வெளிநாட்டு நாணயம் கூடாது.

இந்தத் தேடலில் இன்னொன்றைக் கவனித்தேன். இது பலருடைய கண்ணில் படுவதில்லை. நம் நாட்டுப் பத்திர நிதிகள் பல, ஒரு வங்கியின் 12 மாத நிரந்தர வைப்பு வட்டியைத் தங்கள் அளவுகோலாக வைத்திருக்கின்றன. ஐந்தாறு ஆண்டு முதிர்வுள்ள பத்திரங்களை வாங்கும் நிதி, சாதாரண ஆண்டுகளில் வைப்பு வட்டியைவிடக் கூடுதலாகத் தருவதில் என்ன சாதனை இருக்கிறது? "அளவுகோலை ஐந்தாண்டுகளாக வென்ற நிதி" என்ற விளம்பரத்துக்கு அங்கே பொருளே இல்லை. ஒத்த டியூரேஷனும் ஒத்த தரமும் உள்ள ஒரு குறியீட்டோடு நாமே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது, நான் பரிசீலித்த ஆக்டிவ் நிதிகளில் பலவற்றின் கூடுதல் வருமானம் தரம் குறைந்த பத்திரங்களின் வட்டியாகவே இருந்தது.

இத்தகைய நிதியின் விலை நாள்தோறும் சீராக நகர்வதைப் பார்த்து அது பாதுகாப்பானது என்று முடிவு செய்வதும் சரியல்ல. நிறுவனப் பத்திரங்கள் பல நாட்கள் கைமாறுவதே இல்லை, பி.பி.ஏ.எம். போன்ற விலை கணிக்கும் அமைப்பு தரும் மதிப்பீட்டைக் கொண்டே என்.ஏ.வி. கணக்கிடப்படுகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்கும்போதுதான் உண்மை விலை தெரியவரும். 2020 ஏப்ரல் 23 அன்று இந்தியாவில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் பத்திரத் திட்டங்களை மூடி, பணம் எடுப்பதை நிறுத்தியது இதற்குச் சான்று. பிறகு தவணை தவணையாகப் பணம் திரும்பி வந்தது என்றாலும், மாத வருமானத்துக்காக அதில் போட்டவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வருமானப் பகிர்வைப் பற்றியும் ஒரு சொல். நிதி 5 காசு பகிர்ந்தால் அதன் விலை அதே 5 காசு குறையும். பகிர்வு அதிகம் என்பதற்காக ஒரு நிதியைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. நிதியின் உள்ளிருக்கும் பத்திரங்களின் யீல்டைவிடப் பகிர்வு அதிகமாக இருந்தால், முதலிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

கோலாலம்பூரில் கணினித் துறையில் இருக்கும் அண்ணன் மகன், "அத்தை, அமெரிக்க இ.டி.எஃப். இவ்வளவு மலிவாக இருக்கும்போது அதையே அப்பாவுக்கு வாங்கலாமே?" என்று கேட்டான். பங்கு என்றால் நான் சம்மதித்திருப்பேன். பத்திரத்துக்கு வேண்டாம் என்றேன். 2024 பிப்ரவரியில் டாலருக்கு 4.80ஐ நெருங்கிய ரிங்கிட், செப்டம்பர் இறுதியில் 4.12 அளவுக்கு வலுவடைந்தது. டாலர் பத்திரம் மூன்று நான்கு ஆண்டுகளில் ஈட்டும் வட்டியை அந்த ஏழு மாத நாணய மாற்றம் ஒன்றே அழித்துவிடும். ரிங்கிட்டில் செலவு செய்யும் அண்ணனுக்குக் கட்டணத்தில் மிச்சமாகும் அரை விழுக்காட்டுக்காக இந்த ஆட்டம் தேவையில்லை. அமெரிக்காவில் பதிவான நிதிகளில் 60,000 டாலருக்கு மேல் வைத்திருக்கும் வெளிநாட்டவர் இறந்தால் அந்நாட்டு மரபுரிமை வரி வாரிசுகளைப் பாதிக்கலாம் என்பதும் நினைவில் இருக்க வேண்டியது. தன் சொந்த முதலீட்டுக்கு அவன் அயர்லாந்தில் பதிவான நிதிகளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது ஒவ்வொரு சனவரியிலும் அண்ணன், அண்ணி, நான் மூவரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறோம். சேமநிதியில் அந்த ஆண்டுக்கான தொகையை முதலில் செலுத்திவிடுகிறார். அதற்குப் பணம் போதாவிட்டால், ஆக்டிவ் நிதியிலிருந்துதான் எடுக்கிறோம், குறியீட்டு நிதியிலிருந்து அல்ல. 2023 மே மாதத்தில் 3 விழுக்காடாக உயர்த்திய கொள்கை வட்டியைப் பேங்க் நெகாரா 2025 ஜூலையில் மறுபடி 2.75 விழுக்காட்டுக்குக் குறைத்தபோது வைப்பு வட்டியும் சற்று இறங்கியது. அவருடைய நண்பர்கள் சிலர் மறுபடியும் அதிவட்டி நிதிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அண்ணன் அவர்களிடம் தகவல் தாளைக் கேட்டு வாங்கி, தரமதிப்பீட்டுப் பகுதியைத் தானே படிக்கிறார். தன்னுடைய ஆக்டிவ் நிதியில் இரட்டை ஏ தரத்துக்குக் கீழான பத்திரங்களின் பங்கு கால் பகுதியைத் தாண்டினாலோ, ஆண்டுக் கட்டணம் இப்போதுள்ளதைவிட உயர்ந்தாலோ, அந்தப் பணத்தை முழுவதும் எடுத்து ஏ.பி.எஃப். நிதிக்கு மாற்றிவிடுவது என்று எழுதிக் கையொப்பமிட்டு, அந்தத் தாளை முதலீட்டுக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறார்.